எட்டாம் எண் புரதமும் என் ஐந்து நாள் மௌனமும்

இந்த ஆய்வுக்கூட ஊழியர் சங்கத்தின் தலைமை நாற்காலியை மூன்றாம் முறையாக அணிசெய்துகொண்டிருக்கும் என் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! நுண்ணோக்கிக்குள் குனிந்து குனிந்து முதுகு வளைந்தாலும், முடிவைச் சொல்லும்போது ஒருநாளும் வளையாத மூத்தவர்களே! வீட்டுப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு ஓடிவந்து, இங்கே குடுவைப் பிள்ளைகளுக்கும் ஊட்டுகிற தாய்மார்களே! கண்ணாடிச் சில்லுகளைக் கழுவிக் கழுவியே கைரேகையைத் தொலைத்த தோழர்களே! இடம் கிடைக்காமல் சுவரோடு சாய்ந்திருப்பவர்களே, இடம் கிடைத்தும் கைப்பேசியோடு சாய்ந்திருப்பவர்களே! உங்கள் ஒவ்வொருவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

சிரிக்கிறீர்கள். நல்லது, இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். இந்த மேசையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பது பேச்சாளர் தோரணை என்று நினைத்துவிடாதீர்கள். பிடியை விட்டால் அப்படியே வாசல் பக்கம் ஓடிவிடுவேன்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். ஒலிபெருக்கி அன்பரே, அந்தப் பெட்டியைத் தூக்கித் தலைவருக்கு வலப்பக்கம் வையுங்கள். இடப்பக்கம் வேண்டாம். ஆம், இன்னும் கொஞ்சம். போதும், நன்றி. ஏன் வலப்பக்கம் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். ஐயா, அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் இன்று வந்திருக்கிறேன்.

தலைவரை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஒரு சொட்டு ரத்தத்தில் ஒளிந்திருக்கும் ஒற்றை ஒட்டுண்ணியையும் விடாமல் பிடிக்கும் கண் அவருடையது. இந்த மேடையில் அவர் எனக்குத் தலைவர். வீட்டில் என் அண்ணனின் மனைவி, என் அண்ணி. இந்த வேலைக்கு என்னைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தவரும் அவர்தான். அவரிடம் பதினான்கு மாதமாகச் சொல்லாத ஒன்றை இன்று உங்கள் முன்னிலையில் சொல்லப் போகிறேன். சொன்ன பிறகு அவர் என் முகத்தைப் பார்ப்பாரா, வீட்டு வாசலில் நான் நிற்க முடியுமா, எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதைவிட அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அழைப்பிதழில் அச்சிட்ட தலைப்பு வேறு. "ஒருசெல் ஒட்டுண்ணிகளில் தன்னுண்ணல் புரதங்களின் பரிணாமம்!" இதைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்றால் உங்கள் பொறுமைக்குத்தான் முதல் கேடயம் தர வேண்டும். பேச்சு முடிந்ததும் எனக்கும் ஒரு கேடயம் தருவதாக ஏற்பாடு. அதோ, பட்டுத் துணி போர்த்தி மேசைமேல் வைத்திருக்கிறார்கள். "கூரிய விழி" என்று அதில் பொறித்திருக்கிறார்களாம். அதை அப்படியே மூடி வையுங்கள். முதலில் தலைப்புக்கு வருகிறேன்.

தன்னுண்ணல் என்றால் என்ன? பசி வந்தால் நாம் சமையலறைக்குப் போவோம். செல்லுக்குப் பசி வந்தால் அது எங்கே போகும்? தனக்குள்ளேயே போகும்! தேய்ந்த பாகம், பழுதான பாகம், பயன் முடிந்த பாகம், ஒவ்வொன்றையும் ஒரு சவ்வுப் பையால் சுற்றும், செரிக்கும், கரைத்ததை எடுத்துப் புதிதாய்க் கட்டிக்கொள்ளும். தன் குப்பையே தனக்கு உணவு, தன் உணவே தனக்கு உயிர்! இந்த வேலைக்கென்று ஒரு பெரிய புரதக் கூட்டமே உண்டு. கண்டுபிடித்தவர்கள் அவற்றுக்கு எண் கொடுத்தார்கள். ஒன்று வேலையைத் தொடங்கும், ஒன்று பசை பூசும், ஒன்று வாலைக் கத்தரிக்கும். அந்தக் கூட்டத்தில் எட்டாம் எண் புரதம்தான் சவ்வின்மேல் போய் ஒட்டிக்கொண்டு, பை உருவாகத் துணை நிற்பது. ஈஸ்டில் அது உண்டு. மரத்தில் உண்டு. உங்கள் உடம்பில் உண்டு. என் உடம்பிலும் உண்டு, நம்ப முடியாவிட்டாலும்.

இனி ஒட்டுண்ணிக்கு வாருங்கள். மலேரியாவைத் தரும் அந்த ஒற்றைச் செல்லுக்கு வாருங்கள். பிறர் வீட்டில் குடியிருந்து பிறர் ரத்தத்தைக் குடிப்பவனுக்கு எதற்கு இத்தனை பாத்திரம் பண்டம்? பரிணாமத்தின் பாதையில் அது ஒவ்வொன்றாகக் கழித்தது. கழித்துக் கழித்துத் தன்னுண்ணல் கூட்டத்தில் பாதிக்கு மேல் காணாமல் போயிற்று. வாலைக் கத்தரிக்கும் வேலையைக்கூட மிச்சப்படுத்தியது. அதன் எட்டாம் எண், வால் கத்தரித்தபடியே பிறக்கிறது. இத்தனையைக் கழித்தது, எட்டை ஏன் கழிக்கவில்லை? அத்தனையையும் தொலைத்தது, எட்டை ஏன் தொலைக்கவில்லை?

அதற்குள்ளே ஒரு விருந்தாளி இருக்கிறான்! கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அதன் மூதாதை ஒரு பாசியை விழுங்கியது. விழுங்கியது செரிக்கவில்லை. உள்ளேயே தங்கிவிட்டது. வெளிச்சத்தில் உணவு சமைத்த அந்தப் பாசி, இருட்டில் கிடந்து சமையலை மறந்து, நான்கு சவ்வு போர்த்திய ஒரு சின்னஞ்சிறு பையாகச் சுருங்கிப்போனது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதற்கு நாங்கள் வைத்த பெயர் "வீட்டோடு மாப்பிள்ளை". ஏன் சிரிக்கிறீர்கள்? அவனுக்குத் திரும்பிப் போகச் சொந்த வீடு கிடையாது. பார்த்தால் ஒரு வேலையும் செய்யாதவன் போலிருப்பான். ஆனால் அவன் தயாரித்துத் தரும் ஒரே ஒரு பொருள் இல்லாவிட்டால் மாமனார் வீடு மொத்தமும் படுத்துவிடும்!

அந்த மாப்பிள்ளைப் பையின் மேல்சவ்வில்தான் எட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒட்டுண்ணி பல பிள்ளைகளாகப் பிரியும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பை போய்ச் சேர எட்டு வேண்டும். எண்ணிப் பாருங்கள். குப்பையை விழுங்கப் பிறந்த புரதம்! விழுங்காமல் விட்ட ஒன்றைப் பொத்திப் பொத்திக் காக்கிறது! துடைப்பம் பிடித்த கையை அந்த ஒட்டுண்ணி தொட்டில் ஆட்ட வைத்துவிட்டது. எல்லா ஒட்டுண்ணியும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். பூச்சியின் குடலிலிருந்து மனித உடலுக்குள் வரும்போது உருவத்தை மாற்றிக்கொள்ள இதே தன்னுண்ணலைக் கையாளுபவை உண்டு. ஏறக்குறைய எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு இன்னும் உயிரோடு இருப்பவையும் உண்டு. இதையெல்லாம் முதன்முதலில் கேட்டபோது எனக்கு வியப்பு வரவில்லை. நடுக்கம் வந்தது. தொலைக்கத் தொலைக்க வலிமை பெறும் எதிரியை என்ன செய்து வெல்வது?

அதற்கு எங்கள் துறைத்தலைவர் ஒரு வழி தேடினார். எட்டாம் எண்ணைப் பையின் சவ்வில் கொண்டுபோய் ஒட்டுவதற்கு மூன்றாம் எண் என்று ஒரு துணையாள் உண்டு. மூன்றும் எட்டும் கைகோப்பதைத் தடுக்கும் ஒரு மருந்துப்பொருளை அவர் சோதித்துக்கொண்டிருந்தார். சோதனைக்கு எடுத்தது லேசுப்பட்ட ஒட்டுண்ணி இல்லை. வழக்கமான மாத்திரைகளுக்கு மசியாத முரட்டு வகை. குடுவையில் மனித ரத்தம் ஊற்றி அதை வளர்ப்பது என் வேலை. அதில் ஒரு சொட்டை எடுத்து, நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடிச் சில்லில் தடவி, உயிரோடிருப்பதை எண்ணுவது அண்ணியின் வேலை.

இந்த மாதிரி மருந்தில் ஒரு சூட்சுமம் உண்டு. மருந்து பட்டவன் உடனே சாக மாட்டான், பிள்ளை பெறுவான். அந்தப் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளைப் பை போய்ச் சேராது, அவர்கள்தான் சாவார்கள். ஆக நான்கு நாள் பொறுத்துத்தான் பலன் தெரியும். சரிபார்ப்பதற்காகப் பக்கத்திலேயே இன்னொரு குடுவை வைத்திருந்தோம். அதற்கும் அதே மருந்துதான். ஆனால் பை தயாரித்துத் தர வேண்டிய அந்தப் பொருளை நாங்களே வெளியிலிருந்து ஊற்றிவிடுவோம். ஊட்டம் என்று அதற்குப் பெயர். ஊட்டம் கிடைத்தால் மாப்பிள்ளை இல்லாமலும் வீடு பிழைத்துக்கொள்ளும். ஊட்டக் குடுவையின் கழுத்திலும், அதன் நீரை எடுத்துவைக்கும் போத்தலின் கழுத்திலும் நீலக் கோடு போட்டிருப்போம். மருந்து மட்டும் பெறும் குடுவைக்கு ஒன்பது என்று எண். இவ்வளவுதான். இந்த இரண்டு குடுவையை மட்டும் நினைவில் வையுங்கள்.

இங்கே குடுவை வளர்க்கும் என் தோழர்களைப் பார்த்து ஒன்று கேட்கிறேன். வளர்ப்பு சோர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்? செழிப்பாக இருக்கும் குடுவையின் பழைய வளர்ப்பு நீரை எடுத்துச் சோர்ந்ததில் ஊற்றுவீர்கள், சரிதானே? உறை ஊற்றுவது என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம், சரிதானே? எந்தக் குறிப்பேட்டிலாவது இதை எழுதியிருக்கிறீர்களா? எங்கே, கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கைகூட இல்லை! துறைத்தலைவருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று எல்லோரும் கமுக்கமாகச் செய்கிற வேலை அது. நானும் செய்தேன்; மருந்து தொடங்கும் முன்பே சோர்ந்திருந்த ஒன்பதாம் குடுவைக்குத் தினம் ஊற்றிப் பழகிய கை, மருந்து தொடங்கிய பின்னும் நிற்கவில்லை.

மூன்று வாரம் ஒன்பதாம் குடுவைக்கு மருந்து போட்டோம். நான்கு நாளில் சாக வேண்டியது சாகவில்லை. எட்டு நாளில் சாகவில்லை. மூன்றாம் வாரமும் கொழுகொழுவென்று பெருகியது. துறைத்தலைவர் முகம் கறுத்துப்போயிற்று. "என்னய்யா இது? புது மருந்தையும் தின்னு ஏப்பம் விட்டுடுச்சா?" என்றார். பழைய மாத்திரைகளுக்கும் அடங்காது, புதிய மருந்துக்கும் அடங்காது. அப்படி ஒன்றை நம் கையாலேயே வளர்த்துவிட்டோமோ? குடுவையைத் தூக்கும்போதெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டுக்கொண்டேன்.

அப்படிப்பட்ட ஒரு காலை பத்தரை மணிக்கு, ஒன்பதாம் குடுவையிலிருந்து ஊசியால் ஒரு சொட்டு எடுத்த அண்ணி, ஊசிக்கு மூடியைத் திருப்பிப் போட்டார். கையால் திருப்பி மூடக் கூடாது என்று நமக்கு விதி. சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம். ஒட்டிய கையாலேயே மூடவும் செய்கிறோம். மூடி வழுக்கிற்று. ஊசி இடதுகைப் பெருவிரலில் இறங்கிற்று.

அண்ணி கத்தவில்லை. கையுறையைக் கழற்றினார், விரலைத் தண்ணீரில் பிடித்தார், என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, குத்திடுச்சு," என்றார்.

"எந்தக் குடுவை அண்ணி?"

"ஒம்பது."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை மூட இருவருக்கும் தோன்றவில்லை.

அவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு நான் திரும்பி வந்தேன். குளிர்பெட்டியைத் திறந்தேன். ஒன்பதாம் குடுவைக்கு நான் உறை ஊற்றிவந்த பழைய நீர்ப் போத்தலை எடுத்தேன். அந்த நீரை எந்தக் குடுவையிலிருந்து எடுத்தேன் என்று அப்போதுதான், அந்த மூன்று வாரத்தில் அப்போதுதான், யோசித்தேன். இருப்பதிலேயே செழிப்பான குடுவையிலிருந்து! எடுக்கும்போதெல்லாம் போத்தலின் முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. இப்போது போத்தலைத் திருப்பினேன். கழுத்தில் நீலக் கோடு.

புரிகிறதா உங்களுக்கு? தாய்மார்களே, புரிகிறதா? ஒன்பதாம் குடுவை மருந்தை வெல்லவே இல்லை! அதன் மாப்பிள்ளை என்றைக்கோ போய்விட்டான்! நான் தினம் தினம் பாதிக்குப் பாதி ஊற்றிய பழைய நீரில் ஊட்டம் இருந்தது; அதைக் குடித்துத்தான் அது பிழைத்திருந்தது. குடுவையில் ஊட்டம் உண்டு, மனித ரத்தத்தில் அந்த ஊட்டம் கிடையாது. அண்ணியின் விரலில் ஏறியது, தானாகவே சாக வேண்டிய ஒன்று. அந்த ஊரே நடுங்கிய நேரத்தில், அவர் பிழைப்பார் என்று நினைக்கக் காரணம் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான்.

ஓடிப்போய்ச் சொன்னேனா? சொல்லுங்கள், சொல்லியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்?

அந்தப் போத்தலைத் தொட்டியில் கவிழ்த்தேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். நீலக் கோட்டைச் சுரண்டினேன்.

யாரோ "ஐயோ" என்கிறீர்கள். அம்மா, அந்த ஐயோவை நான் பதினான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரச் சோதனை பாழ் என்றால் என் வேலை போகும். அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்? "உறுதி செய்துகொண்டு சொல்லலாம்," என்று எனக்கு நானே சொன்னேன். எத்தனை மரியாதையான பொய் பாருங்கள்! ஒன்பதாம் குடுவையை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குத் தூய நீர், ஒன்றுக்கு ஊட்டம் வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாய் மருத்துவமனைக்குப் போனேன்.

அங்கே டாக்டரம்மா தொலைபேசியில் துறைத்தலைவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "எந்த மாத்திரைக்கும் கேக்காதா? புதுசுக்கும் கேக்கலையா?" பேசி முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "இதுல நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். மலேரியாவுக்குப் பழைய மருந்து கொய்னா, அத நரம்பு வழியா ஏத்தணும். ஏழு நாள். காதுல சத்தம் வரும், தலை சுத்தும். பொறுத்துக்கணும்மா."

நான் கட்டிலின் தலைமாட்டில் தலையணையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வாக்கியம் போதும். "டாக்டர், அந்தக் குடுவையில ஊட்டம் கலந்திருக்கு, நான்தான் ஊத்தினேன்." ஒன்பது சொற்கூட இல்லை. வாயைத் திறந்தேன். "தலையணை சரியா இருக்கா அண்ணி?" என்று கேட்டேன்.

வார்டுக்கு வெளியே வராந்தாவில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். லேத்துப் பட்டறையிலிருந்து நேராக வந்தவர், கையில் இரும்புத்தூள்கூடப் போகவில்லை. இரும்பையே வெண்ணெயாய்ச் சீவுகிற அந்தக் கையால் என் சட்டையைப் பிடித்தார். "டேய், நீயும் அதே ரூம்லதானடா வேலை பாக்குறே. உனக்குத் தெரியுமே. அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே."

"சும்மா என் ஆறுதலுக்குச் சொல்லாதடா."

ஆறுதலுக்குச் சொல்லவில்லை! காரணத்தோடு சொன்னேன்! ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்ல நா எழவில்லை. உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பொய்யைப் போலக் கொடுத்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

இரண்டு நாள் ஆயிற்று. தூய நீர் வைத்த பாதியை எடுத்துச் சில்லில் தடவிப் பார்த்தேன். மாப்பிள்ளை ஏற்கெனவே போய்விட்டதால் நான்கு நாள்கூடத் தாங்கவில்லை, செத்துக் கிடந்தது. ஊட்டம் வைத்த பாதி துள்ளிக்கொண்டிருந்தது. உறுதி செய்துகொண்டேன் அல்லவா? சொன்னேனா? "இன்னொரு தரம் பார்த்துவிடலாம்," என்று மறுபடி பிரித்து வைத்தேன். அங்கே அண்ணியின் கையில் சொட்டுச் சொட்டாகக் கொய்னா இறங்கிக்கொண்டிருந்தது. "காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு தம்பி. விடாம கொய்ங்குது," என்றார். நாளெல்லாம் வாந்தி. பேசினால் எரிச்சல். ஆனாலும் தன் ரத்தச் சில்லை வேறு யாரும் பார்க்க விடமாட்டேன் என்று அடம்பிடித்தார். "என் ரத்தத்த நானே பாக்குறேன். நீங்க விட்டுடுவீங்க, நான் விடமாட்டேன்."

சக்கர நாற்காலியில் அவரை மருத்துவமனை ஆய்வறைக்குத் தள்ளிப் போவேன். ஒரு கையில் டிரிப்ஸ் ஊசி, மறுகையில் நுண்ணோக்கித் திருகு. தன் ரத்தத்துக்குள் தன் சாவைத் தேடுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு இடமாக நகர்த்தி, "இல்ல… இல்ல… இங்கயும் இல்ல…" என்று முணுமுணுப்பார். சில இடத்தில் குரல் நின்றுவிடும். மூச்சும் நின்றுவிடும். எனக்கும் நின்றுவிடும். இருக்காது என்று தெரிந்தவனுக்கே அப்படி நின்றது. அப்புறம், "சாயக் கறை. ஒண்ணும் இல்ல," என்பார்.

ஐந்தாம் நாள் காலை. அவர் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார். நான் இடப்பக்கம் நின்றேன். "அண்ணி," என்றேன். திரும்பவில்லை. "அண்ணி, தண்ணி வேணுமா?" திரும்பவில்லை. குனிந்து காதருகே போய், "அண்ணி!" என்றேன். "இல்ல… இல்ல…" என்று அவர் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தார். அந்தக் காது என்னை விட்டுப் போய்விட்டது.

அன்றைக்குத்தான் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். அறைக்கதவைத் தள்ளிக்கொண்டு போய்த் துறைத்தலைவர் முன்னால் நின்றேன். நின்று என்ன சொன்னேன் தெரியுமா? "சார், தப்பு பண்ணிட்டேன்" என்றா? இல்லை. "சார், நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்!"

ஏதோ ஒரு போத்தல் மாறி ஊட்டம் கலந்திருக்கிறது என்றேன். யார் மாற்றியதென்று தெரியவில்லை என்றேன். சந்தேகப்பட்டு நானாகப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "கண்ணுய்யா உனக்கு!" என்றார். அரைமணி நேரத்தில் டிரிப்ஸ் நின்றது. மருந்து வேலை செய்கிறது, எட்டாம் எண் இல்லாமல் ஒட்டுண்ணிக்குப் பிழைப்பில்லை என்பதும் உறுதியாயிற்று. போன மாதம் ஆய்வுக்கட்டுரை வந்தது. அதற்குத்தான் அந்தக் கேடயம். டாக்டரம்மா மட்டும் போகிற போக்கில் ஒன்று சொன்னார். "மொத நாளே இது தெரிஞ்சிருந்தா கொய்னாவ ஏத்தியிருக்கவே மாட்டேன். தினம் ஸ்லைடு பாத்துக்கிட்டுக் காத்திருந்திருப்பேன்." வலது காது ஒரு மாதத்தில் திரும்பியது. இடது காது திரும்பவே இல்லை. ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி ஆகலாம் என்றார்கள். எங்கள் வீட்டில் இருந்தது அந்த ஒருவர்தான்.

பின்வரிசை ஐயா, ஒலிபெருக்கி ஏன் வலப்பக்கம் என்று கேட்டீர்கள். இதனால்தான்.

தோழர்களே! என் தலைப்பிலிருந்து நான் விலகிவிட்டதாக நினைக்காதீர்கள். தவறு எல்லோருக்கும் நேரும். நேர்ந்த தவற்றை எடுத்து, சுற்றி, செரித்து, அதிலிருந்து நாளைக்கு ஒன்றைக் கட்டிக்கொள்ளும் ஆற்றல் நமக்குப் பிறவியிலேயே உண்டு. நான் என்ன செய்தேன்? செரிக்க வேண்டிய கையால் பொத்திக் காத்தேன்! வேலை போகும் என்ற பயம் ஒரு சவ்வு. அண்ணன் என்ன நினைப்பார் என்ற பயம் ஒரு சவ்வு. "உறுதி செய்துகொண்டு சொல்லலாம்" என்பது ஒரு சவ்வு. "கண்டுபிடித்தேன்" என்றேனே, அது எல்லாவற்றிலும் தடித்த சவ்வு. இந்தப் பதினான்கு மாதமும் அது எனக்குள் உட்கார்ந்து என்னைத் தின்றது. இன்று உங்கள் முன் அதை அவிழ்க்கிறேன்.

நாளைக் காலை நீங்களெல்லாம் உங்கள் குளிர்பெட்டியைத் திறப்பீர்கள். உங்கள் கையும் ஒருநாள் வழுக்கும். உங்கள் போத்தலும் ஒருநாள் மாறும். அன்று பயம் வரும், வரட்டும்! கால் நடுங்கும், நடுங்கட்டும்! நடுங்கிக்கொண்டே சொல்லுங்கள். திக்கித் திக்கிச் சொல்லுங்கள். அழுதுகொண்டே சொல்லுங்கள். ஆனால் அன்றே சொல்லுங்கள், அந்த மணியிலேயே சொல்லுங்கள்! எழுதாத உறையை எழுதுங்கள், சொல்லாத பிழையைச் சொல்லுங்கள்! நீங்கள் வாய்மூடியிருக்கும் ஒவ்வொரு மணிக்கும் யாரோ ஒருவர் கட்டிலில் படுத்து அதை அனுபவித்துக்கொண்டிருப்பார். திட்டு வாங்கினால் ஒரு நாள் வலிக்கும். வாங்காமல் தப்பித்தவனைக் கேளுங்கள், சொல்கிறேன்.

கைதட்ட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கேடயத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள் செயலாளர் அவர்களே. எனக்கு அது வேண்டாம். நடவடிக்கை எடுப்பதானால் எடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அண்ணி… தலைவர் அவர்களே… மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் அன்றே…

என்ன? தலைவர் கையைக் காட்டுகிறார். ஒரு நிமிடம், அமைதியாக இருங்கள். என்ன அண்ணி?

"மொத நாளே உனக்குத் தெரியுமா" என்று கேட்கிறார்.

தெரியும்.

"சத்தமாச் சொல்லு தம்பி. எனக்கு ஒரு காதுதான்" என்கிறார்.

தெரியும் அண்ணி! முதல் நாளே தெரியும்! நீங்கள் ஆட்டோவில் போன அரைமணி நேரத்திலேயே தெரியும்! பயந்துகொண்டு சொல்லவில்லை!

கேட்டுவிட்டது. எழுந்து நிற்கிறார். தன் நாற்காலியைத் தூக்குகிறார்… இந்தப் பக்கம் திருப்பிப் போடுகிறார். என்னைப் பார்த்துத்தான், வலது காதை என் பக்கம் வைத்துக்கொண்டு உட்காருகிறார். முகத்தில் சிரிப்பு இல்லை. "அஞ்சு நாள். நாள் நாளாச் சொல்லு. நான் கேக்கணும்," என்கிறார்.

அவையோரே, உங்களுக்கான பேச்சு இதோடு முடிந்தது. இனி நான் பேசப்போவது ஒருவரிடம் மட்டும். இவ்வளவு நேரம் இடம்விட்டுப் போகாமல் இருந்த உங்களுக்கும், பெட்டியை நகர்த்தி வைத்த ஒலிபெருக்கி அன்பருக்கும் என் நன்றி, என் வணக்கம். வீடு போகிறவர்கள் போகலாம். ஒலிபெருக்கியை மட்டும் அணைக்காதீர்கள்.

முதல் நாள் அண்ணி. காலை பத்தரை மணி.